ஊரே வேலி

சண்டிகர் வட இந்தியாவில் உள்ள ஒரு நகரம். பஞ்சாப், அரியானா என்னும் இரண்டு மாநிலங்களுக்கும் அதுதான் தலைநகரம். அந்த நகரத்தின் ஓரத்தில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் பெயர் சுக்னா ஏரி. 1958ஆம் ஆண்டு ஓர் ஓடையை மறித்துக் கரை கட்டி அந்த ஏரியை உண்டாக்கினார்கள்.

சில ஆண்டுகளிலேயே ஏரியில் மண் சேரத் தொடங்கியது. மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் செக்கச் சிவந்து வரும். தண்ணீரோடு மண்ணும் வரும். தண்ணீர் வடிந்துவிடும். மண் தங்கிவிடும். 1970களின் நடுவில் பார்த்தால், ஏரியில் பாதிக்கு மேல் மண்தான் இருந்தது. தூர் வாரினார்கள். ஆள் வைத்து வாரினார்கள், இயந்திரம் வைத்தும் வாரினார்கள். அடுத்த மழையில் மறுபடியும் மண் வந்து சேர்ந்தது.

இவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது?

மண் வந்த வழி

சண்டிகரில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் பி.ஆர். மிஸ்ரா. அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓடை வந்த வழியே மேலே நடந்தார்கள். சிவாலிக் மலை அடிவாரம் வரை போனார்கள். மண்ணின் பெரும்பகுதி, சில கிராமங்களை அடுத்த குன்றுகளில் இருந்து வருவதைக் கண்டார்கள். அந்தக் கிராமங்களில் ஒன்று சுகோமாஜ்ரி.

சுகோமாஜ்ரி சின்ன ஊர். அப்போது ஏறக்குறைய 60 குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலோர் குஜ்ஜர் என்னும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கால்நடை வளர்ப்பதுதான் அவர்களுடைய பழைய தொழில். கொஞ்சம் நிலமும் வைத்திருந்தார்கள். மழையை நம்பி மக்காச்சோளமும் கோதுமையும் போட்டார்கள். கிணற்றுப் பாசனம் கிடையாது, வாய்க்காலும் கிடையாது.

மழை குறைவான ஊர் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி மழையைவிட இது அதிகம். ஆனால் முக்கால்வாசி மழை, ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். வெறுங் குன்றில் விழுந்த மழை ஒரு மணி நேரத்தில் ஓடையில் இறங்கிப் போய்விடும். கோதுமைக்குத் தண்ணீர் வேண்டிய குளிர்காலத்தில் வானம் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

பயிர் பொய்த்தால் என்ன செய்வது? ஆடுமாடுதான் கை கொடுக்கும். அதனால் எல்லா வீட்டிலும் ஆடு வைத்திருந்தார்கள். ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் ஓட்டிவிடுவார்கள். குன்று வனத்துறைக்குச் சொந்தம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்கள்தான் அங்கே மேய்த்து வந்தார்கள். விறகும் அங்கேதான் வெட்டினார்கள்.

புல் எப்படிச் சாகிறது?

புல்லை மாடு கடித்தால் புல் செத்துவிடாது. கடித்த இடத்தில் மறுபடி துளிர்க்கும். அதற்குக் கொஞ்ச நாள் அவகாசம் வேண்டும். இலை வளர்ந்தால்தான் வேருக்கு உணவு இறங்கும். இலை வளர்வதற்கு முன்பே திரும்பத் திரும்பக் கடித்தால் வேர் மெலிந்துவிடும். பூத்து விதை விழுவதற்கும் வழியில்லை. இப்படி நாலைந்து வருடம் போனால் புல் இருந்த இடம் பொட்டலாகிவிடும்.

பொட்டலில் மாட்டுக் குளம்பு பட்டு மண் இறுகும். இறுகிய மண்ணுக்குள் மழை இறங்காது. மேலேயே ஓடும். ஓடும் தண்ணீர் மண்ணை அரிக்கும். முதலில் விரல் அகலத்தில் ஒரு கோடு விழும். அடுத்த மழையில் அது வாய்க்கால் ஆகும். பிறகு ஆள் இறங்கினால் தலை தெரியாத அளவுக்குப் பள்ளம் ஆகும். சுகோமாஜ்ரியில் பள்ளம் குன்றோடு நிற்கவில்லை. கீழே இருந்த விளைநிலத்தையும் தின்றுகொண்டே வந்தது.

பழி ஆட்டின் மேல் விழுவது வழக்கம். ஆடு எதையும் கடிக்கும், வேரோடு பிடுங்கும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் ஆடு தானாகக் குன்றுக்குப் போகவில்லை. வேறு வழி இல்லாத மனிதர் ஓட்டிவிட்டார். அவருக்குத் தெரியாதா, புல் தீர்ந்து வருகிறது என்று? நன்றாகத் தெரியும். ஆனால் அவர் தன் பத்து ஆட்டைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரரின் பத்து ஆடு அந்தப் புல்லையும் சேர்த்து மேயும். விட்டுக் கொடுத்தவருக்கு நட்டம்தான் மிச்சம். பொது நிலத்தின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

“மேய்க்காதே” என்றால் போதுமா?

அதிகாரிகள் குன்றில் மரக்கன்று நட்டார்கள். பள்ளங்களில் சிறு தடுப்புகள் கட்டினார்கள். இனிமேல் இங்கே மேய்க்கக் கூடாது என்று சொன்னார்கள்.

ஊரார் கேட்கவில்லை. நகரத்து ஏரியில் மண் சேர்ந்தால் ஊருக்கு என்ன? ஏரியில் படகு விடுபவர்கள் நகரத்துக்காரர்கள். ஆட்டை விற்றுவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டியவர்கள் இவர்கள். யாருக்காக இவர்கள் பட்டினி கிடக்க வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமானது. முள்வேலி போட்டால் இரவில் வேலியைப் பிரித்துவிடலாம். காவல்காரர் ஒரு பக்கம் போனால் ஆடு மறுபக்கம் ஏறும். ஆயிரம் ஏக்கர் குன்றுக்கு எத்தனை காவல்காரர் போடுவது? ஊர் மனது வைக்காமல் எந்த வேலியும் நிற்காது.

ஒரு கோதுமைப் பயிர்

1976ஆம் ஆண்டு, பள்ளம் மேலும் அரிக்காமல் இருக்க ஊருக்கு மேலே ஒரு சிறு மண் அணை கட்டினார்கள். மண்ணைத் தடுப்பதற்காகத்தான் கட்டினார்கள். மழை பெய்தது. அணைக்குப் பின்னால் தண்ணீரும் தேங்கியது.

அடுத்த குளிர்காலப் பயிருக்கு மழை ஏமாற்றியது. கோதுமை வாடத் தொடங்கியது. மேலே அணையில் தண்ணீர் நிற்கிறது. கீழே பயிர் காய்கிறது. அணைத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவந்தார்கள். பயிர் பிழைத்துக் கொண்டது.

அந்த ஒரு போகம் ஊரை யோசிக்க வைத்தது. தண்ணீர் இருந்தால் கோதுமை விளையும். கோதுமை விளைந்தால் வைக்கோலும் கிடைக்கும். ஆனால் குன்று மொட்டையாக இருந்தால் அணையும் ஏரியைப் போலவே மண்மூடிவிடும். அணை நிற்க வேண்டும் என்றால் குன்றில் புல் நிற்க வேண்டும். சண்டிகர் ஏரியின் கவலை இப்போது ஊராரின் சொந்தக் கவலை ஆகிவிட்டது. குன்றைக் காப்பாற்ற அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

ஊர்க்காரர்களும் ஆராய்ச்சி நிலையத்தாரும் உட்கார்ந்து பேசினார்கள். நிலையத்தார் அணைகள் கட்டித் தருவார்கள். ஊரார் குன்றில் கால்நடையை விடமாட்டார்கள். இதுதான் ஒப்பந்தம்.

தண்ணீர் யாருக்கு?

ஒப்பந்தம் போட்டாயிற்று. ஆனால் உடனே ஒரு சண்டை வந்தது.

அணைக்குக் கீழே யாருடைய வயல் இருக்கிறதோ அவருக்குத்தான் தண்ணீர் பாய்ந்தது. ஊரின் மறுபக்கம் வயல் வைத்திருந்தவருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நிலமே இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆடுதான் சொத்து. ஆட்டைக் கட்டிப் போட்டு, இன்னொருவர் வயல் விளைவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? அவர்கள் மறுபடியும் ஆட்டைக் குன்றுக்கு ஓட்டினார்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும்? நிலம் உள்ளவர்கள் கை ஓங்கும். நிலமில்லாதவர் வாய் மூடும். அல்லது ஒப்பந்தம் உடையும். சுகோமாஜ்ரியில் இரண்டும் நடக்கவில்லை. ஊர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. அணைத் தண்ணீர் நிலத்துக்குச் சொந்தம் அல்ல, குடும்பத்துக்குச் சொந்தம். எல்லாக் குடும்பத்துக்கும் சம பங்கு. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு. ஒரு சென்ட் நிலம் இல்லாதவருக்கும் ஒரு பங்கு.

நிலமில்லாதவர் தண்ணீரை வைத்து என்ன செய்வார்? தன் பங்கை இன்னொருவருக்கு விற்கலாம். அல்லது ஒருவருடைய நிலத்தை வாரத்துக்கு எடுத்து, தன் தண்ணீரைப் பாய்ச்சிப் பயிர் செய்து, விளைச்சலில் பங்கு கேட்கலாம். குன்றைக் காப்பதில் இனி அவருக்கும் லாபம் இருந்தது. தண்ணீரைப் பூமிக்கு அடியில் குழாய் பதித்துக் கொண்டுபோனார்கள். தூரத்து வயலுக்கும் எட்டியது.

இதற்காக ஒரு சங்கம் வைத்தார்கள். எல்லாக் குடும்பங்களும் அதில் உறுப்பினர்கள். பிறகு அதை முறைப்படி பதிவு செய்தார்கள். மலைவளப் பராமரிப்புச் சங்கம் என்பது அதன் பெயரின் பொருள். தண்ணீர் எடுப்பவர் சங்கத்துக்குக் கட்டணம் கட்டுவார். அணையையும் குழாயையும் பழுது பார்க்க அந்தப் பணம் உதவும். குன்றில் ஆடு விடுபவர் தண்ணீர் உரிமையை இழப்பார்.

குன்றைச் சுற்றி முள்வேலி போடவில்லை. ஒரு வீட்டு ஆடு ஏறினால் மற்ற வீட்டுக் கண்கள் எல்லாம் பார்த்துவிடும். இதற்கு அங்கே வேலை செய்தவர்கள் வைத்த பெயர் “சமூக வேலி”. ஊரே வேலி என்று நாம் சொல்லலாம்.

அரிவாளோடு வந்தால் அனுமதி

குன்றில் மேய்ச்சல் நின்றது. புல் நிற்கவில்லை, வளர்ந்தது. வளர்ந்த புல்லை என்ன செய்வது?

கால்நடையை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆனால் புல்லை அங்கிருந்து அறுத்து வரலாம். மேய்ச்சலுக்கும் அறுப்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அறுக்கும்போது தண்டின் அடி நிற்கும். குளம்பு மிதிக்காது. விதை விழுந்த பிறகு அறுக்கலாம். ஒரு பக்கம் அறுத்து, மறுபக்கத்தை வளரவிடலாம்.

முன்பெல்லாம் வனத்துறை புல்லை ஏலம் விடும். வெளியூர் ஒப்பந்தக்காரர் எடுப்பார். ஊர்ப் பெண்கள் தங்கள் குன்றில் வளர்ந்த புல்லையே அவரிடம் பணம் கொடுத்து அறுக்க வேண்டும். சங்கம் வந்த பிறகு, வனத்துறை ஏலத்தைச் சங்கத்துக்கே கொடுத்தது. ஒரு குடும்பம் சங்கத்துக்குச் சிறு கட்டணம் கட்டினால் போதும். தன் தேவைக்குப் புல் அறுத்துக் கொள்ளலாம்.

அந்தக் குன்றில் பாபர் என்னும் புல்லும் வளரும். அது நீளமான, உரமான புல். அதில் கயிறு திரிக்கலாம். காகித ஆலைகளும் அதை வாங்கின. பாபர் புல் விற்ற பணமும் சங்கத்துக்கு வந்தது. கயிர் என்னும் மரம் நடாமலேயே முளைத்து வளர்ந்தது. வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டி இந்த மரத்தில் இருந்துதான் வருகிறது. 1976இல் குன்றில் ஒரு ஹெக்டேருக்கு 13 மரங்கள்தான் இருந்தன. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். 1992இல் அதே அளவு நிலத்தில் 1,272 மரங்கள் நின்றன.

வீடுகளிலும் மாற்றம் வந்தது. ஆட்டை விற்றார்கள். எருமை வாங்கினார்கள். எருமையைத் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு வளர்க்கலாம். பாலை விற்றால் நாள்தோறும் காசு. சாணம் வயலுக்கு எரு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எருமைக்கு ஒரு நாளைக்கு 25 கிலோ பசும்புல் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். ஒரு மாதத்துக்கு 25 பெருக்கல் 30. அதாவது 750 கிலோ. ஒரு கட்டு 25 கிலோ என்றால் மாதம் 30 கட்டு. இரண்டு எருமை என்றால் 60 கட்டு. இதைச் சுமப்பது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். புல் ஊருக்குப் பின்னாலேயே கிடைத்தால் ஒரு மணி நேர வேலை. இரண்டு மைல் போக வேண்டும் என்றால் அரை நாள் போய்விடும். மேய்ச்சல் நிலம் அழிந்தால் முதலில் தெரிவது பெண்ணின் தலைச்சுமையில்தான். ஊர்க் கூட்டத்தில் இந்தக் கணக்கை ஆண்கள் அதிகம் பேசுவது இல்லை.

1979இல் சுகோமாஜ்ரியில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் சராசரி 10,000 ரூபாய். 1984இல் அது 15,000 ரூபாய் ஆனது. சுக்னா ஏரிக்கு அந்தக் குன்றில் இருந்து போன மண்ணும் வெகுவாகக் குறைந்தது. நாலா பக்கமும் இருந்து மக்கள் வந்து பார்த்தார்கள். 1990ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. காட்டைக் காப்பதில் ஊர் மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பலனில் அவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று அதில் சொன்னது. அதற்கு வழி காட்டிய ஊர்களில் சுகோமாஜ்ரியும் ஒன்று.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

சுகோமாஜ்ரிக்காரர்களுக்குக் குன்று மிஞ்சி இருந்தது. பல ஊர்களில் மேய்ச்சல் நிலமே மிஞ்சவில்லை.

என்.எஸ். ஜோதா என்னும் பொருளாதார அறிஞர் 7 மாநிலங்களில் 82 கிராமங்களைப் பார்த்தார். தமிழ்நாடும் அதில் சேரும். 1950 வாக்கில் ஊர்ப் பொது நிலம் எவ்வளவு இருந்தது, 1980களின் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டார். மாநிலத்துக்கு மாநிலம் 31 முதல் 55 விழுக்காடு வரை குறைந்திருந்தது. அதாவது 100 ஏக்கர் இருந்த ஊரில் 31 ஏக்கரில் இருந்து 55 ஏக்கர் வரை போய்விட்டது.

எங்கே போனது? பக்கத்து வயல்காரர் வருடத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதார். செல்வாக்கு உள்ளவர் வளைத்துப் போட்டார். சில இடங்களில் ஏழைகளுக்கு என்று சொல்லி அரசு பிரித்துக் கொடுத்தது. அந்த நிலத்திலும் பெரும் பங்கு வசதியானவர் கைக்கே போனதை ஜோதா கண்டார். ஆனால் ஆட்டை மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் பொது நிலத்தை அதிகம் நம்பி இருந்தவர்கள் ஏழைகள். நிலம் உள்ளவருக்கு வரப்பில் புல் உண்டு, வைக்கோல் போர் உண்டு. இல்லாதவருக்குப் பொது நிலம்தான் உண்டு.

2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபில் ஓர் ஊர்க் குளத்து நிலத்தை ஆக்கிரமித்தது பற்றிய வழக்கு அது. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு புல்லை முளைக்க வைக்காது. மீட்ட நிலத்தை ஊர் பராமரிக்காவிட்டால் மறுபடியும் யாராவது வளைப்பார்.

லாபோடியாவின் சதுரங்கள்

வெறும் பொட்டலாகிவிட்ட ஊர்ப் பொது நிலத்தைப் பராமரிக்க முடியுமா? ராஜஸ்தானில் ஓர் ஊர் செய்து காட்டியது. அதன் பெயர் லாபோடியா. ஜெய்ப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே குன்று இல்லை. சமதரை. மழையும் சுகோமாஜ்ரியில் பெய்வதில் பாதிதான். அந்தப் பக்கத்தில் ஊர் மேய்ச்சல் நிலத்தைக் கோசர் என்கிறார்கள். பசு மேயும் இடம் என்று பொருள்.

1977ஆம் ஆண்டு வாக்கில் லட்சுமண் சிங் என்னும் இளைஞர், படிப்புக்காகப் போயிருந்த நகரத்தில் இருந்து ஊர் திரும்பினார். ஊரில் வறட்சி. குளம் உடைந்து கிடந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே வேலையைத் தொடங்கினார். முதலில் ஓரிருவர் சேர்ந்தார்கள். பிறகு ஊர் சேர்ந்தது. குளங்களைச் சரி செய்த பிறகு, மேய்ச்சல் நிலத்தின் பக்கம் திரும்பினார்கள். 2023இல் அவருக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

லாபோடியா செய்த வேலைக்குச் சௌகா என்று பெயர். சௌகா என்றால் சதுரம். மேய்ச்சல் நிலத்தில் சதுரம் சதுரமாகப் பாத்தி பிடித்தார்கள். நெல் வயல் போல நாலு பக்கமும் வரப்பு இல்லை. மூன்று பக்கம் மட்டும் தாழ்வான கரை. மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். அந்த வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வரும். கரை போடுவதற்கு வேண்டிய மண்ணைப் பாத்திக்குள்ளேயே மேலாகத் தோண்டி எடுத்தார்கள்.

பாத்திக்குள் ஒன்பது அங்குலம் வரைதான் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் வந்தால் பக்கவாட்டில் வழிந்து அடுத்த பாத்திக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கு அடுத்தது. கடைசியில் மிச்சத் தண்ணீர் ஊர்க் குளத்துக்குப் போய்ச் சேரும். ஏன் ஒன்பது அங்குலம்? அதற்கு மேல் நின்றால் புல் அழுகிவிடும். குறைவாக நின்றால் ஈரம் ஆழமாக இறங்காது. எந்த இயந்திரமும் வேண்டாம். எந்தப் பக்கம் சரிவு என்று பார்க்கத் தெரிந்தால் போதும். கிழவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

முதலில் முளைப்பது புல். புல் மண்ணைப் பிடிக்கும். பிறகு புதர் வரும். பிறகு மரம். பொட்டலான நிலம் ஒரே வருடத்தில் பசுமையாகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மழைக்காலத்தில் புல் பூத்து விதை விழும் வரை கால்நடையை விடாமல் பொறுக்க வேண்டும். பசியோடு மாடு கத்தும்போது பொறுப்பது எளிது அல்ல. ஒரு பகுதியை மூடி வைத்து, மறு பகுதியில் மேய்த்தால் பொறுக்கலாம். அடுத்த வருடம் மாற்றிக் கொள்ளலாம்.

லாபோடியாவில் மரம் வெட்டுவதில்லை என்றும், பறவை விலங்குகளை வேட்டையாடுவதில்லை என்றும் ஊர் முடிவு செய்தது. ஆண்டுதோறும் தீபாவளிக்குப் பிறகு வரும் ஏகாதசி அன்று ஊரார் ஒன்றாகக் கூடுவார்கள். குளத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடந்து போவார்கள். மண்ணையும் தண்ணீரையும் மரத்தையும் வணங்குவார்கள். மரத்துக்குக் கயிறு கட்டுவார்கள். அது சாமி கும்பிடும் விழாதான். ஆனால் ஊர் முழுவதும் வருடம் ஒரு முறை மேய்ச்சல் நிலத்தின் எல்லையைக் கண்ணால் பார்க்கிறது. யாராவது ஒரு சால் தள்ளி உழுதிருந்தால் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

சுகோமாஜ்ரியில் பிறகு

சுகோமாஜ்ரியின் கதை வெற்றியோடு முடிந்தது என்று பல புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. அது முழு உண்மை அல்ல.

புல்லில் இருந்து வந்த வருமானத்தைப் பங்கிடும் விதி பின்னால் மாறியது. வனத்துறையின் பங்கு கூடியது. சங்கத்தின் பங்கு குறைந்தது. பாபர் புல்லுக்கு ஆலைகளிடம் இருந்த கிராக்கியும் போனது. சங்கத்தில் பணம் குறைந்தது. எவ்வளவு காத்தாலும் அணையில் கொஞ்சம் கொஞ்சமாக மண் சேரத்தான் செய்யும். அதை வாரப் பணம் வேண்டும். வாராமல் விட்டார்கள். தண்ணீர் குறைந்தது. வசதி உள்ளவர்கள் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொண்டார்கள்.

ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்கு அணைத் தண்ணீர் தேவை இல்லை. அணை தேவை இல்லை என்றால் சங்கக் கூட்டத்துக்கு ஏன் போக வேண்டும்? அன்று நிலமில்லாதவருக்குக் கிடைத்த சம பங்கு, அணையில் தண்ணீர் இருக்கும்வரைதான் பங்கு. ஆழ்துளைக் கிணற்றில் அவருக்குப் பங்கு கிடையாது.

மக்கள் மாறிவிட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால் 1970களில் அவர்களைச் சேர்த்து வைத்தது எது? ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைத்த பங்கு. அந்தப் பங்கு குறைந்தபோது வேலியும் தளர்ந்தது. விதியை மாற்றியவர்கள் ஊரைக் கேட்டு மாற்றியிருந்தால், அணை வாரும் செலவை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. சுகோமாஜ்ரியின் குன்று கடைசிவரை வனத்துறையின் நிலம்தான். ஊருக்குக் கிடைத்தது அனுமதி. கொடுத்தவர் அதை மாற்றவும் முடிந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் காலங்காலமாக மேய்த்து வரும் ஊர்கள் அதை உரிமையாகக் கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குக் கிராம சபை கூடித் தீர்மானம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். சுகோமாஜ்ரி ஒப்பந்தம் போட்ட காலத்தில் இந்தச் சட்டம் இல்லை.

உங்கள் ஊரில் தேடிப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ஊர் மேய்ச்சல் நிலத்தை மேய்க்கால் புறம்போக்கு என்கிறார்கள். சில ஊர்களில் மந்தைவெளி என்றும் சொல்வார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் “அ” பதிவேடு என்று ஒரு புத்தகம் இருக்கும். ஊரில் உள்ள ஒவ்வொரு நிலமும் எந்த வகை, எவ்வளவு பரப்பு என்று அதில் எழுதியிருக்கும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். நாலைந்து பேராகப் போய் அதைப் பார்த்து வாருங்கள். புல எண்ணையும் பரப்பையும் எழுதிக் கொள்ளுங்கள்.

பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த நிலத்துக்கு நடந்து போங்கள். ஆடு மேய்க்கும் பெண்களையும் கூப்பிடுங்கள். எங்கே நல்ல புல் இருந்தது, எப்போது அது போனது என்று அவர்களுக்குத் தெரியும். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சுற்றி வந்து அளந்து பாருங்கள்.

புத்தகத்தில் எத்தனை ஏக்கர் இருக்கிறது? நிலத்தில் எத்தனை ஏக்கர் இருக்கிறது?